குரங்கு உடைத்த கல்லும் மனிதன் செதுக்கிய கல்லும்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் சிறுவர் நூல் கடைகளைச் சுற்றிவந்தால் தொப்பி வியாபாரி கதை எப்படியும் கண்ணில் படும். மனிதன் செய்வதைக் குரங்கு அப்படியே செய்யும் என்ற நம்பிக்கை அந்தக் கதையோடு நமக்குள் ஊறிவிட்டது. கல்லால் கொட்டை உடைக்கும் குரங்கின் வீடியோ கைப்பேசிக்கு வந்தால், "யாரையோ பார்த்துக் கத்துக்கிச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

உண்மையில் பார்த்ததை அப்படியே செய்வதில் குரங்குகள் சுமார்தான். பிரேசிலின் கபுச்சின் குரங்குக் குட்டிகள் பெரியவை கொட்டை உடைக்கும் இடத்தைச் சுற்றி வளையவந்து, சிதறும் பருப்பைப் பொறுக்கித் தின்று, கல்லைத் தாமும் தட்டிப் பார்த்துத்தான் பழகுகின்றன. கை தேற ஆண்டுக்கணக்காகிறது. அந்நாட்டின் செர்ரா டா கபிவாரா தேசியப் பூங்காவில் தோண்டியெடுத்த குரங்குக் கற்களில் பழையவை சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தையவை.

குரங்குகள் கல்லைக் கருவியாக்குவது அண்மைக் கண்டுபிடிப்பும் அல்ல. பர்மாவின் மெர்குயித் தீவுகளில் குரங்குகள் கல்லால் சிப்பி உடைப்பதைப் பற்றி ஆல்ஃபிரட் கார்ப்பெண்டர் 1887லேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார். பிறகு நெடுங்காலம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்துக் கரையோரத் தீவுகளைப் பார்க்கப் போனவர்கள் கண்ணில்தான் அது மறுபடி பட்டது.

அப்படியானால் ஐ.ஐ.டி. வளாகத்தில் சோற்றுப் பொட்டலம் பறிக்கும் நாட்டுக் குரங்கும் கல்லெடுக்குமா? எடுப்பதாகத் தெரியவில்லை. அதற்காக அதை மந்தம் என்றும் சொல்லிவிட முடியாது. விடுதி ஜன்னலைத் திறக்கத் தெரிந்த பிராணிக்குச் சிப்பி உடைக்க வேண்டிய தேவை வரவில்லை. நிக்கோபார் நீள்வால் குரங்குகளைக் கோவை சாலிம் அலி மையத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து 2018இல் எழுதியிருக்கிறார்கள். உணவை இலையில் சுற்றித் தேய்ப்பது, பல்லிடுக்கை நாரால் சுத்தம் செய்வது எல்லாம் அவற்றிடம் உண்டு. தேங்காயைப் பாறையில் மோதி உடைப்பதும் உண்டு. ஆனால் காயைக் கல்லில் மோதுவது வேறு, கல்லைக் கையிலெடுத்துக் காயை அடிப்பது வேறு. இரண்டாவதைத்தான் ஆய்வாளர்கள் கருவி என்று தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறான நம்பிக்கை படித்தவர்களிடம் இருந்தது: கூரான கற்சில்லு கிடைத்தால் அங்கே ஆதிமனிதன் இருந்தான் என்பது.

நந்தனத்திலிருந்து அண்ணா சாலையில் தெற்கே போய், கத்திப்பாரா தாண்டி ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் பல்லாவரம். இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவி என்று பெயர்பெற்ற கல்லை ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று கண்டெடுத்தது அங்கேதான். கற்சில்லு கிடைத்தால் மனிதன்தான் என்ற அந்த நம்பிக்கையை உலுக்கும் செய்தி ஒன்று 2016இல் பிரேசிலிலிருந்து வந்தது: கபுச்சின்கள் கல்லோடு கல்லை மோதும்போது, ஆதிமனிதச் சில்லுகளிலிருந்து பிரித்தறியக் கடினமான சில்லுகள் தாமாகவே தெறிக்கின்றன. 2023இல் தாய்லாந்தின் நீள்வால் குரங்குகளிடமும் அதே கதை. எண்ணெய்ப்பனைக் கொட்டைகளை உடைக்கும்போது குறி தவறி அடி, கொட்டையை வைத்த பட்டடைக்கல்லில் விழ, சில்லு பெயர்கிறது. (அந்தப் பனையே ஆப்பிரிக்காவிலிருந்து மனிதன் கொண்டுவந்து நட்டது!)

இதனால் பல்லாவரத்துக் கல்லுக்கு ஆபத்தில்லை. அது கைக்கோடரி; கைக்கோடரி தற்செயலாகத் தெறித்து வருவதில்லை. இரண்டு பக்கமும் அடுத்தடுத்துத் தட்டி, மனத்திலிருந்த வடிவத்துக்குக் கல்லைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாந்தி பப்புவின் குழு அகழ்ந்த அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளின் காலம் 15 லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னே போகிறது. கொட்டை உடைக்கும் தாய்லாந்துக் குரங்கோ, தெறித்த சில்லைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது பருப்பு.

சிக்கலெல்லாம் வடிவம் எதுவுமற்ற எளிய சில்லுகளில்தான். பக்கத்தில் குழி விழுந்த பட்டடைக்கல் கிடக்கிறதா, சில்லின் விளிம்பு பயன்பட்டுத் தேய்ந்திருக்கிறதா, அதனால் அறுபட்ட எலும்பு ஏதும் உண்டா என்று பார்க்காமல் இனி அவற்றை மனிதன் கணக்கில் எழுதிவிட முடியாது.