வலப்பக்கம் திரும்புமுன்

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வாகனம் ஓட்டிப் பழகியவர்களுக்கு, ரொறன்ரோ வந்தபின் வலப்பக்க ஓட்டம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். கண் பழகத்தான் நாளாகும். அங்கே வீதியோரத்தை ஒட்டித் திரும்புவது இடப்பக்கம். இங்கே அது வலப்பக்கம். நடந்து போகிறவரும் சைக்கிளில் வருகிறவரும் நமக்கு மிக நெருக்கமாக இருப்பது இங்கே வலது தோளுக்கு அருகில். பழைய பழக்கத்தில் கண் அந்தப் பக்கத்தைக் கடைசியாகத்தான் தேடுகிறது.

ஒன்ராறியோவில், தடைப் பலகை இல்லாத சந்தியில், சிவப்பு விளக்கிலும் முழுமையாக நின்ற பிறகு வலப்பக்கம் திரும்பலாம். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. சாரதி இடப்பக்கம் கழுத்தைத் திருப்பிக் கார்களுக்கிடையே இடைவெளி தேடுகிறார். வண்டியோ மெல்ல உருள்கிறது. அதே நேரம் வலப்பக்கமிருந்து ஒருவர், தமக்கு வெள்ளை உருவம் எரிவதை நம்பி வீதியில் இறங்கிவிட்டார். பச்சையில் இடப்பக்கம் திரும்பும்போதும் இதே கதை: எதிரே வரும் வாகனங்களிலேயே கவனம் முழுதும் போய்விடுகிறது. முன்கண்ணாடியின் ஓரத்தூண் ஒரு முழு ஆளையே மறைக்கக்கூடியது. தலையைச் சற்று முன்னே சாய்த்துப் பாருங்கள்.

ஒரு பக்கமே பார்த்தபடி உருளும் இந்தப் பழக்கம் உங்களிடம் இருக்கிறதா என்று அறிவது எளிது. நிற்கும்போது முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா? கடவையில் இருப்பவர் உங்களைக் கண்டு பின்வாங்குகிறாரா? பக்கத்து இருக்கையில் இருப்பவரின் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறதா? இவற்றில் ஒன்று அடிக்கடி நடந்தாலே பார்க்கும் வரிசையை மாற்ற வேண்டும்.

கோட்டுக்குப் பின்னால் சக்கரம் அசையாமல் நிறுத்துங்கள். இடம், முன், வலம் பாருங்கள். பிறகு வலது தோளுக்கு மேலால் திரும்பி பிளைண்ட் ஸ்பொட்டை (கண்ணாடிகளில் தெரியாத பகுதி) பாருங்கள். புறப்படுமுன் கடவையை இன்னொரு முறை பாருங்கள். உங்களுக்கு முன்னால் வலப்புறம் ஒரு சைக்கிள் போகிறதென்றால், அதை முந்திப்போய்த் திரும்ப வேண்டாம். அதன் பின்னாலேயே வாருங்கள். உணவு விநியோகிப்பவர்களின் மின்சைக்கிள்கள் நீங்கள் நினைப்பதைவிட வேகமாக வரும்.

சைக்கிளை முந்தும்போது, இயன்றவரை குறைந்தது 1 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2015 முதல் சட்டம். பாதுகாப்பாக இருந்தால் நடுக்கோட்டைத் தாண்டியும் போகலாம், இடமில்லாவிட்டால் காத்திருங்கள். குயின், டன்டாஸ் போன்ற வீதிகளில் ஸ்ட்ரீட்கார் (நகரத் தண்டவாள வண்டி) ஓடும் தண்டவாளத்தில் சைக்கிள் சக்கரம் சிக்கிக்கொள்ளும். அதைக் குறுக்காகக் கடக்க சைக்கிளோட்டி திடீரென விலகுவார். ஹோர்ன் அடித்தால் அவர் தடுமாறத்தான் செய்வார். ஸ்ட்ரீட்காரில் ஆட்கள் ஏறி இறங்கும்போது, அவர்களுக்கெனத் தனி மேடை இல்லாத இடத்தில், அதன் பின்கதவுக்குக் குறைந்தது 2 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும்.

புளோர், டான்ஃபோர்த் வீதிகளில் பல இடங்களில் நிறுத்திய காருக்கும் நடைபாதைக்கும் இடையில்தான் சைக்கிள் தடம். அங்கே ஆபத்து சாரதியின் கதவில் இல்லை, பின்னால் வலப்புறம் இருக்கும் அம்மம்மாவின் கதவில். சாரதி வலக்கையாலும் வலப்புறம் இருப்பவர் இடக்கையாலும் கதவைத் திறந்தால் உடல் தானே திரும்பும், கண்ணும் பின்னால் போகும். பார்க்காமல் கதவைத் திறந்து ஒருவரை மோதினால் அபராதமும் தண்டனைப் புள்ளிகளும் உண்டு.

இனி நம்மவர்களின் பழக்கம் ஒன்று. ஊரில் முன்விளக்கைச் சிமிட்டினால் ‘நான் வருகிறேன், நில்’. இங்கே பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே சிமிட்டாதீர்கள், கையும் காட்டாதீர்கள். எக்ளிங்டன், லோரன்ஸ் போன்ற அகன்ற வீதிகளில் நடந்து கடக்க நிற்பவருக்கு நீங்கள் மரியாதைக்கு நிறுத்திக் கை காட்ட, அடுத்த தடத்தில் வருபவருக்கு அவர் தெரியவே மாட்டார். பக்கத்துத் தடத்தில் ஒரு வாகனம் காரணமின்றி நிற்பதாகத் தோன்றினால், காரணம் அதன் மறுபுறத்தில் நடந்துகொண்டிருக்கலாம்.

நவம்பரில் கடிகாரம் பின்னுக்குப் போனதும் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். மழை, கறுப்பு மேலாடை, ஆவி படிந்த கண்ணாடி எல்லாம் சேர்ந்துகொள்ளும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஆளைக் கண்டுகொள்ள ஒன்றரை விநாடித் தாமதம் என்றால் பிரேக்கைத் தொடுமுன்னரே 25 மீட்டர் போயிருக்கும்; 50இல் 21 மீட்டர்.

அப்படியும் மோதிவிட்டால் பதற வேண்டாம். நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வேறு ஆபத்து நெருங்காதவரை விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுப்பதும் கைகால் நீவிவிடுவதும் வேண்டாம். ‘போலீஸ் எதற்கு, ஏதாவது தந்துவிடுகிறேன்’ என்ற பேச்சும் வேண்டாம். காயம் ஏற்பட்ட விபத்தைப் பொலிசுக்குச் சொல்வது சட்டப்படி கட்டாயம். ஒன்றுமில்லை என்று அவரே எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும், நீங்கள் அங்கேயே நின்று அழைத்துச் சொல்லுங்கள்; தலையில் பட்ட அடி சில வேளை மணிக்கணக்கு கழித்துத்தான் தெரியவரும்.