பென்டிரைவ் ஏன் உபுண்டுவுக்குப் போகவில்லை?
32 பிட், 64 பிட் பாடத்துக்கு ஓர் ஆய்வகச் செயல்பாடு

மேல்நிலை வகுப்புக் கணினிப் பாடத்தில் 32 பிட், 64 பிட் என்ற சொற்களை நாம் பெரும்பாலும் ஒரு மதிப்பெண் வினாவோடு கடந்துவிடுகிறோம். இரண்டின் 32ஆம் அடுக்கு 4,29,49,67,296. பைட்டுக்கு ஒரு முகவரி என்றால் 4 ஜிபி வரை எட்டலாம் என்று கரும்பலகையில் எழுதினால் பாடம் முடிந்தது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தங்கள் கையாலேயே தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எங்கள் ஆய்வகத்தில் அமைந்தது. அதற்குக் காரணம் ஒரு பென்டிரைவ்.

முதலில் எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தின் மேசைக் கணினிகளில் 64 பிட் விண்டோஸ் 10 இருக்கிறது. லினக்ஸ் பழகத் தனிக் கணினிகள் இல்லை. முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த சற்றே பெரிய கணினி ஒன்றில் லினக்ஸையும் கேவிஎம் என்ற கட்டற்ற மென்பொருளையும் நிறுவி, அதற்குள் ஆறு உபுண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கினேன். மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே உருவான இன்னொரு கணினி. மாணவர் தன் விண்டோஸ் கணினியில் ரிமோட் வியூவர் என்ற நிரலைத் திறந்தால், மூலையில் இருக்கும் பெரிய கணினியின் உபுண்டுத் திரை வலையமைப்பு வழியாக அவர் முன் விரியும்.

பென்டிரைவைச் செருகுவது மாணவர் முன்னால் உள்ள கணினியில். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய உபுண்டு அறையின் மூலையில் இருக்கிறது. இந்த இடைவெளியைக் கடப்பதுதான் யூஎஸ்பி திசைமாற்றம். ரிமோட் வியூவருக்கு இதில் துணை செய்வது யூஎஸ்பிடிகே என்ற இயக்கி, அதாவது டிரைவர். அது பென்டிரைவை விண்டோஸின் பிடியிலிருந்து தன் பிடிக்கு எடுத்துக்கொள்கிறது. தரவுகள் வலையமைப்பு வழியாகப் போகின்றன. உபுண்டு தன்னுடைய போர்ட்டிலேயே ஒரு பென்டிரைவ் செருகப்பட்டதாக நினைத்துக்கொள்கிறது. திசைமாற்றம் நடக்கும்போது விண்டோஸின் கோப்புச் சாளரத்திலிருந்து அந்தப் பென்டிரைவ் மறைந்துவிடும். வேலை நடக்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

நான்கு கணினிகளில் மட்டும் இது நடக்கவில்லை. உபுண்டுத் திரை வந்தது, விசைப்பலகையும் சுட்டியும் வேலை செய்தன, பென்டிரைவ் மட்டும் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பைத்தான் நிரல்களைப் பென்டிரைவில் வைத்திருந்தாள். வீட்டில் கணினி கிடையாது. அக்கா வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் மாலை நேரத்தில் தட்டச்சு செய்தவை அவை. பக்கத்தில் இருந்தவர்கள் “உன் பென்டிரைவ் போச்சு” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். புதிது வாங்கக் காசு கேட்க வேண்டுமே என்ற கவலை அவள் முகத்தில் தெரிந்தது. கருவி சரியில்லை என்றால் கொண்டுவந்த பிள்ளையின் மேல் பழி விழுவது நம் ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்டது.

அதே பென்டிரைவ் விண்டோஸில் திறந்தது. அடுத்த வரிசைக் கணினியில் உபுண்டுவுக்கும் போனது. எனவே பிழை பென்டிரைவில் இல்லை, உபுண்டுவிலும் இல்லை, அந்த நான்கு மேசைக் கணினிகளில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு மாணவர்களே வந்தார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். ரிமோட் வியூவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘32 பிட்’ என்று இருந்தது. பதிவிறக்கக் கோப்புறையில் அந்த நிரலுக்கும் இயக்கிக்கும் உரிய நிறுவல் கோப்புகள் கிடந்தன. இரண்டின் பெயரிலும் எக்ஸ்86.

“86 பெருசு, 64 சின்னது. அப்ப எக்ஸ்86தானே சார் புதுசு?” என்றான் ஒரு மாணவன். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. எக்ஸ்86 என்ற பெயர் 1978இல் வந்த இன்டெல் 8086 செயலியிலிருந்து பிறந்தது. நிறுவல் கோப்பில் அது 32 பிட்டைக் குறிக்கும். எக்ஸ்64 என்பதே 64 பிட். சில கோப்புகளில் ஏஎம்டி64 என்று இருக்கும். அந்த விரிவாக்கத்தை வகுத்த நிறுவனத்தின் பெயரால் வந்தது அது, இன்டெல் செயலிக்கும் பொருந்தும். 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருக்கும் கோப்புறைக்கு சிஸ்டம்32 என்று பெயர் என்பதையும் சொன்னேன். வகுப்பு சிரித்தது, ஆனால் பிறகு யாரும் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை.

சரி, தவறான கோப்பு என்றால் எதுவுமே வேலை செய்யக் கூடாதே, திரை மட்டும் எப்படி வந்தது? பாடத்தின் மையமே இந்தக் கேள்விதான். இதற்கு மேட்டுப்பாளையத்தை எடுத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் 1676 மி.மீ. அகலப் பாதையில் ஓடுவது. ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் 1000 மி.மீ. மீட்டர் பாதையில் ஓடுவது. பயணிகள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மாறி ஏறிக்கொள்ளலாம். ஆனால் எக்ஸ்பிரஸின் பெட்டியை மலைப் பாதையில் ஏற்ற முடியாது. 64 பிட் விண்டோஸில் வாவ்64 என்ற அடுக்கு இந்த மாற்று நிலையம் போன்றது. 32 பிட் நிரலின் வேண்டுகோள்களை அது மாற்றி அனுப்புவதால் ரிமோட் வியூவர் திறந்தது. இயக்கியோ தண்டவாளத்தைத் தொடும் சக்கரம். அது இயக்க அமைப்பின் கருவான கர்னலுக்குள் ஏற வேண்டும். 64 பிட் கர்னல் 32 பிட் இயக்கியை ஏற்காது. அங்கே மாற்று நிலையம் எதுவும் இல்லை.

இரண்டையும் நீக்கி, இரண்டுக்கும் எக்ஸ்64 கோப்புகளையே நிறுவி, மறுதொடக்கம் செய்தோம். இயக்கியை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். 32 பிட் நிரல் 64 பிட் துணைக்கோப்பைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளாது, 64 பிட் நிரல் 32 பிட் துணைக்கோப்பை ஏற்றாது. நிரலும் இயக்கியும் அத்தகைய துணைக்கோப்பு வழியாகவே பேசுவதால், ஒரே வகையில் நிறுவுவதே தொல்லை இல்லாத வழி. மாணவியின் நிரல்கள் உபுண்டுவில் திறந்தன.

உங்கள் பள்ளியில் பழைய கணினிகள் இருந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். 2 ஜிபி நினைவகம் கொண்ட சில கணினிகளில், செயலி 64 பிட்டாக இருந்தும் 32 பிட் விண்டோஸே நிறுவப்பட்டிருக்கும். அதில் 64 பிட் நிறுவல் கோப்பைத் திறந்தால், இந்தச் செயலி வகைக்கு இத்தொகுப்பு பொருந்தாது என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வரும். அதை நம்பிச் செயலியைக் குறை சொல்ல வேண்டாம். அமைப்புகளில் ‘சிஸ்டம் டைப்’ வரியைப் பாருங்கள்: இயக்க அமைப்பு எத்தனை பிட், செயலி எந்த வகை என்று இரண்டும் தனித்தனியே இருக்கும். நிறுவல் கோப்பைத் தேர்ந்தெடுக்க முதலாவதைத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பில் இதைச் செய்ய ஒரு பாடவேளை போதும். ஒவ்வொரு குழுவும் தன் கணினியின் செயலி, இயக்க அமைப்பு, ரிமோட் வியூவர், இயக்கி நான்கும் எத்தனை பிட் என்று குறிப்பேட்டில் எழுதி, பென்டிரைவ் போகுமா போகாதா என்று முன்கூட்டியே ஊகிக்கட்டும், பிறகு செருகட்டும். உபுண்டுவும் 64 பிட்டாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். வேண்டியதில்லை. அதை எட்டுபவை யூஎஸ்பி தரவுகள் மட்டுமே. விண்டோஸின் இயக்கி அங்கே போவதில்லை. செயல்பாட்டுக்கு வெறுமையான பென்டிரைவையே பயன்படுத்துங்கள். கோப்பு திறந்திருக்கும்போது இயக்கி அதைப் பிடுங்கினால் கோப்பு சிதையலாம். செய்முறைத் தேர்வை ஒட்டிய நாள்களில் இந்த நிறுவல் வேலையில் இறங்க வேண்டாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்போருக்கு இந்தச் சிக்கல் குறைவு, அதன் 6.0 பதிப்பிலிருந்து 64 பிட் கணினிகளுக்கு மட்டுமே வருகிறது. ஆனால் 7.0க்கு முந்தைய பதிப்புகளில் யூஎஸ்பி 2.0, 3.0 வேலை செய்ய எக்ஸ்டென்ஷன் பேக் தேவை. அதன் பதிப்பெண் விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பெண்ணோடு ஒத்திருக்க வேண்டும்.

எங்கள் மாணவர்கள் அடுத்து ஆர்டுயினோ பலகையை இதே வழியில் உபுண்டுவுக்கு அனுப்பினார்கள். பலகை போய்ச் சேர்ந்தும் நிரல் ஏறவில்லை. அதற்குக் காரணம் பிட் கணக்கு இல்லை. உபுண்டுவில் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் விளக்கு மினுக்கத் தொடங்கியது.