புயல் இரவுக்கு எந்த டார்ச்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபின், பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட இரவுகளை மனத்தில் வைத்தே டார்ச் வாங்குங்கள்.

பழைய குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு 10 லூமென் அளவே வெளிச்சம் தரும். மீதியெல்லாம் சூடாகிப் போகும். ஹாலஜன் 15 முதல் 20 வரை தரும். இன்றைய எல்.இ.டி. சாதாரணமாக 100 லூமெனைத் தொடும். அதே செல்லில் பல மடங்கு நேரம் எரியும்.

செல் தேயத் தேய அதன் வோல்ட் 1.5-இலிருந்து இறங்கும்; சாதாரண டார்ச் கூடவே மங்கும். மின்சீராக்கி உள்ள டார்ச்சில் ஒரு சிறு சர்க்யூட், எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்ளும். ஆகவே கடைசிவரை ஏறத்தாழ ஒரே வெளிச்சம். செல் தீர்ந்ததும் சட்டென்று இறங்கிவிடும். மாற்று செல் கையில் இல்லாமல் இதை நம்பிக் கிளம்பாதீர்கள். குறைந்த வெளிச்ச நிலையில் வைத்தால் இரவு முழுக்க வரும்.

சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் வேலை செய்வோருக்கு: தீப்பற்றும் ஆவி உள்ள இடத்தில் வீட்டு டார்ச்சையோ செல்போன் விளக்கையோ போடவே கூடாது. சுவிட்சின் சிறு பொறியே போதும். வெடி அபாயப் பகுதிக்கெனச் சான்று பெற்ற டார்ச்சை ஆலை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

கடற்காற்றில் செல் முனைகள் பூத்துவிடும். ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை திறந்து, உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.