நிலவைத் தவறவிட்ட இரவு: சிமுலேட்டரில் பறக்கும் தம்பிக்கு

விமான சிமுலேட்டரில் இரவுத் தாக்குதலுக்குக் கிளம்புமுன் முதலில் புரட்ட வேண்டியது பஞ்சாங்கம். டிசிஎஸ் வேர்ல்ட் போன்ற போர் சிமுலேட்டரில் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால், அன்றைய நிலவை அதுவே கணக்கிட்டு வானத்தில் ஏற்றிவிடும். மூன்று நண்பர்களோடு பறந்துவிட்டுத் திருவண்ணாமலைத் தம்பி எழுதியிருக்கும் குறிப்பில் தேதி 1971 டிசம்பர் 3, நேரம் இரவு 9 மணி. அடுத்த வரியே ‘கும்மிருட்டு’ என்கிறது. அந்த வருடம் கார்த்திகைப் பௌர்ணமி டிசம்பர் 2. மறுநாள் இரவு 9 மணிக்கு நிலவு கிழக்கே நன்றாக மேலேறியிருக்கும். பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கும் ஊரில் வளர்ந்தவர் நிலவை மறப்பது மன்னிக்கச் சிரமமான பிழை.

அந்த நிலவு வெறும் பின்னணி அல்ல. இந்திய-பாகிஸ்தான் போர் தொடங்கிய அந்த டிசம்பர் 3 அந்தியில் பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. ஆக்ரா வரை வந்தன. அன்றிரவே இந்தியக் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் பதிலடி கொடுக்கக் கிளம்பின. அந்தப் போரின்போது தாஜ்மகாலைத் துணியால் மூடி மறைத்தார்கள். நிலவொளியில் வெண்பளிங்கு எதிரி விமானிக்கு அடையாளம் காட்டிக்கொடுக்கும் என்ற பயம். ஒரு கட்டடத்தையே போர்த்த வைத்த வெளிச்சத்தை ‘கும்மிருட்டு’ என்ற ஒரு சொல் அணைத்துவிடுகிறது. தம்பி ஓட்டிய மிக்-21பிஸ் 1971இல் இந்தியாவிடம் இல்லை, அவர் பறந்த காகசஸ் நிலப்படம் பஞ்சாபும் இல்லை என்பதையெல்லாம் குற்றமாகச் சொல்ல முடியாது. கையில் இருக்கும் விமானத்தையும் நிலத்தையும் வைத்துத்தான் ஆட முடியும். நிலவு அப்படியல்ல, அது சரியாகவே கிடைத்தது, பார்க்கப்படவில்லை.

பார்க்கப்படாததற்குக் காரணம் குறிப்பிலேயே இருக்கிறது. இலக்குக்கு மேல் திரும்பும்போது, கீழே நிறுத்தியிருந்த விமானங்களின் பச்சை உருமறைப்பு வண்ணம் பளிச்சென்று தெரிந்ததாகத் தம்பி எழுதுகிறார். இரவில் மனிதக் கண்ணுக்குப் பச்சை அப்படிப் பளிச்சென்று தெரியாது. மங்கிய ஒளியில் வேலை செய்பவை விழித்திரையின் கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஆக, திரையில் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் காமா அளவு ஏற்றப்பட்டிருக்கிறது. இருட்டைப் பகலாக்கிக்கொண்டு பறந்தபின் அதைக் கும்மிருட்டு என்று எழுதுவதில் என்ன பயன்?

காமாவை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, அறை விளக்கை அணைத்து, அரை மணி நேரம் உட்கார வேண்டும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுவில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தால் அத்தனையும் வீண். விமானி அறையில் சிவப்பு விளக்கு வைத்ததும் இதற்காகத்தான். கோல் செல்களை அது அதிகம் கலைப்பதில்லை. பழகிய கண்ணாலும் நேராக உற்றுப் பார்த்தால் மங்கலான பொருள் மறைந்துபோகும், விழித்திரையின் நடுவில் கோல் செல்கள் இல்லாததால். சற்றே பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இன்னொரு மயக்கமும் உண்டு. கார்த்திகை தீபம் மலை உச்சியில் எரியும் கடைசி நாட்களில், நிலவு எழத் தாமதமாகும் முன்னிரவில், ஊருக்கு வெளியே வயல்வெளியில் நின்று அந்த ஒற்றைச் சுடரை இமைக்காமல் பார்த்தால் அது மெல்ல நகர்வதாகத் தோன்றும். நகர்வது சுடரல்ல, அது கண்ணின் மயக்கம். அசையாத விளக்கை எதிரி விமானம் என்று நம்பித் துரத்திய விமானிகள் உண்டு. திருவண்ணாமலைக்காரருக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை.

அடுத்த பிழை உடம்பைப் பற்றியது. ‘உடல் இருக்கையில் அழுந்தியது, கண் இருண்டது’ என்று இரண்டு இடங்களில் வருகிறது. பிளாஸ்டிக் நாற்காலி யாரையும் அழுத்தாது. இது நிஜ விமானிகளின் நினைவுக் குறிப்புகளிலிருந்து கடன் வாங்கிய உணர்ச்சி. சிமுலேட்டரின் வரலாறே இதற்கு எதிராக நிற்கிறது. பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், ஆர்கனின் துருத்திகளையே கொண்டு 1929இல் தன் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். ஆரம்பத்தில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், மோசமான வானிலையிலும் இரவிலும் பலர் இறந்த பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. வெளியே எதுவும் தெரியாதபோது உடம்பு சொல்வதை நம்பாமல் கருவிகளை நம்பப் பழக்குவதே அந்தப் பெட்டியின் வேலை. இருட்டுக்காகவே வளர்ந்த கருவி இது. இரவில் சிமுலேட்டர் ஓட்டுபவர் எழுத வேண்டியது செயற்கை அடிவானத்தையும் உயரமானியையும் மாறி மாறிப் பார்க்கும் கண்ணைப் பற்றி. இல்லாத அழுத்தத்தைப் பற்றி அல்ல.

ஐஎல்-2 ஸ்டர்மோவிக் என்ற போர் சிமுலேட்டர் 2001இல் வந்தபோது அதை ஆடியவர்களுக்கு வாய்த்தது பிரவுசிங் சென்டரும், மணிக்கணக்குக் கட்டணமும், இரைச்சலோடு சுழலும் மின்விசிறியும்தான். பக்கத்துக் கணினியில் இருப்பவரைத் தோளில் தட்டித்தான் ‘உன் பின்னாடி’ என்று சொல்ல முடிந்தது. இருட்டான அறை என்பதே கனவு. பிறகு சொந்தக் கணினி வந்தது, கூடவே மின்வெட்டும் வந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. அந்தத் தலைமுறையில் எத்தனையோ விமானங்கள் எதிரி சுடாமலே வானத்திலிருந்து மறைந்தன. ஒருவரும் அதை எழுதவில்லை.

தம்பி எழுதியிருக்கிறார். மூன்றாம் எண் நண்பர் தண்டராம்பட்டில் இருந்து பறக்கிறார். ரேடார் எச்சரிக்கை கேட்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் வாக்கியம் பாதியில் நின்றுபோகிறது. ‘மூணு, சொல்லு... மூணு, எங்கடா இருக்க?’ ஏவுகணை அடித்ததா, கரண்ட் போனதா என்று மற்ற மூவருக்கும் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. தலைவர் விமானம் திசையை மாற்றாமல் போகிறது, இரண்டாம் எண் மட்டும் இடையிடையே கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த அரைப் பக்கத்தில் ஒரு உவமை இல்லை, ஒரு உரிச்சொல் இல்லை. இரவுப் பறத்தலின் உண்மையான பயம், கூட வருபவர் இருக்கிறாரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததுதான். அது இங்கே முழுமையாக வந்துவிட்டது. சிமுலேட்டரைப் பற்றித் தமிழில் இதற்கு ஈடாக ஒன்றைக் காட்டுவது கடினம். இதை எழுதிய கைதான் கும்மிருட்டையும் எழுதியது என்பதால்தான் இவ்வளவு கோபம்.

ஒரு குறை பாக்கி. குண்டு வெடித்ததும் குறிப்பு முடிந்துவிடுகிறது. இரவுப் பயணத்தில் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. சுற்றிலும் இருள், நடுவில் ஓடுதள விளக்குகள் மட்டும் என்றால், இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். அவர் இறக்கிக்கொண்டே வந்து ஓடுதளத்துக்கு முன்பே தரையில் மோதிவிடக்கூடும். மிக்-21 மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுதளத்தை நெருங்கும் விமானம். தயங்க நேரம் தராது, மறுபடி சுற்றிவர எரிபொருளும் அதிகம் இருக்காது. சோவியத் முறையில் அமைந்த ஓடுதளங்களில் இரண்டு வழிகாட்டி வானொலி நிலையங்கள் இருக்கும். 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதை 200 மீட்டர் உயரத்திலும், 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதை 60 மீட்டர் உயரத்திலும் கடக்க வேண்டும். விளக்குகளைப் பற்றிக் கண் என்ன சொன்னாலும் அந்த இரண்டு உயரங்களைத்தான் நம்ப வேண்டும். அடுத்த குறிப்பில் தம்பி இதை எழுத வேண்டும். மிச்சமிருந்த மூன்று விமானங்களில் எத்தனை தரையிறங்கின என்று இந்தக் குறிப்பு சொல்லவேயில்லை.