இறந்தோர் கணக்கும் இருப்போர் நலமும்

நுழையும்முன்

இறப்பைப் பதிவது சான்றிதழ் பெறுவதற்காக மட்டுமன்று. ஒரு வட்டாரத்தில் எவர், எவ்வயதில், எந்நோயால் இறந்தனர் என்னும் கணக்கு, அங்கு வாழ்வோரைக் காக்கும் கருவியாகவும் அமையும். இதனைத் தான்சானியா நாட்டின் இரு மாவட்டங்கள் மெய்ப்பித்துக் காட்டின.

ஏட்டில் ஏறாத இறப்புகள்

கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவில் ருஃபிஜி, மொரொகோரோ ஆகிய மாவட்டங்கள் உள்ளன. 1990களில் அங்கு இறந்தோருள் பெரும்பாலோர் மருத்துவமனையை அடையாமல் வீட்டிலேயே உயிர்நீத்தனர். எனவே, மருத்துவமனைப் பதிவேடுகள் உண்மையின் ஒரு பகுதியையே காட்டின. அவற்றை மட்டும் நம்பித் திட்டமிட்டால், மருத்துவமனைக்கு வர இயலாத ஏழையரின் நோய்கள் திட்டத்தில் இடம்பெறா.

வீடு தேடிச் சென்ற வினாக்கள்

தான்சானிய நலவாழ்வு அமைச்சகமும் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையமும் இணைந்து இக்குறையைப் போக்க முனைந்தன. களப்பணியாளர்கள் இறப்பு நிகழ்ந்த வீடுகளுக்குச் சென்றனர். காய்ச்சல் எத்தனை நாள் நீடித்தது, மூச்சுத் திணறல் இருந்ததா, வலிப்பு வந்ததா எனப் பரிவுடன் கேட்டறிந்தனர். அவ்விடைகளை ஆராய்ந்து மருத்துவர்கள் இறப்பின் காரணத்தைக் கணித்தனர். இம்முறை ‘வாய்மொழி இறப்பாய்வு’ எனப்படும்.

இழந்த ஆண்டுகள்

இறந்தோர் எண்ணிக்கை மட்டும் திட்டமிடப் போதாது. எழுபது வயது முதியவரும் இரண்டு வயதுக் குழந்தையும் எண்ணிக்கையில் ஒவ்வொருவரே. ஆயினும், குழந்தை இழந்த வாழ்நாள் மிகுதி. இவ்வாறு இழந்த ஆண்டுகளைக் கணக்கிட்டபோது, மொரொகோரோவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு இழப்புக்கு மலேரியாவே காரணம் எனத் தெரிந்தது. 1996ஆம் ஆண்டு நலவாழ்வு நிதியில் மலேரியாவுக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 5 விழுக்காடு!

எண்கள் காட்டிய வழி

இழப்பையும் செலவையும் அருகருகே காட்டும் எளிய வரைபடங்கள் மாவட்ட அலுவலர்களுக்கு வழங்கப்பட்டன. அவற்றைக் கண்டு அவர்களே நிதியை மாற்றிப் பங்கிட்டனர். மருந்து தோய்த்த கொசுவலைகள் பரவலாயின. நோயுற்ற குழந்தையை ஒரே நோய்க்கு மட்டுமன்றி, மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு ஆகிய அனைத்துக்கும் ஒருங்கே சோதிக்கப் பணியாளர்கள் பயிற்சி பெற்றனர். இதற்கான கூடுதல் செலவு ஆண்டுக்குத் தலைக்கு ஏறத்தாழ ஒரு டாலரே. அடுத்த ஐந்தாண்டுகளில் இவ்விரு மாவட்டங்களிலும் குழந்தை இறப்பு 40 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது.

நாடு முழுமைக்குமான சராசரி, ஒரு மாவட்டத்தின் துயரை மறைத்துவிடக்கூடும். அந்தந்த வட்டாரத்தின் கணக்கே அங்குள்ள தேவையைச் சுட்டும். பதிவேட்டில் ஏறும் ஒவ்வோர் இறப்பும் இன்னோர் உயிரைக் காக்க உதவும். பதியப்படாத இறப்பு அவ்வாய்ப்பை இழக்கச் செய்யும்.

கற்பவை கற்றபின்

1. மருத்துவமனைப் பதிவேடு மட்டும் நலவாழ்வுத் திட்டமிடலுக்குப் போதாது என்பதற்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் பிறப்பு, இறப்புப் பதிவு நடைபெறும் முறையைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.