தைப்பூச நடையும் நீரிழிவாளர் பாதங்களும்

தைத் திங்கள் பிறந்ததும் தோட்டந்தோறும் பத்துமலைப் பயணம் பற்றிய பேச்சு எழுகின்றது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதத்துடன் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து, 272 படிகளும் ஏறிக் குகைக் கோயிலை அடைவோர் பலர். நாள்தோறும் நிரை நிரையாக மரம் சீவி நடந்து பழகிய நமக்கு இந்நடை பெரிதன்று எனத் தோன்றலாம். ஆயினும், 'இனிப்பு நீர்' என நாம் வழங்கும் நீரிழிவு நோய் உடையவர்கள் புறப்படுமுன் தங்கள் பாதங்களைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

வலி அறியாத கால்

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பின், பாதத்தின் நரம்புகள் பழுதடைந்து உணர்ச்சி குன்றலாம். இரத்தக் குழாய்கள் குறுகி, பாதத்திற்குச் செல்லும் இரத்தமும் குறையலாம். அத்தகையோர் முள் தைத்தாலும், வெயிலில் காய்ந்த தார்ச்சாலை சுட்டாலும், காலணி உராய்ந்து கொப்புளம் எழுந்தாலும் அறியார். புண்ணின் மேலேயே தொடர்ந்து நடப்பர். இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புண் எளிதில் ஆறாது. கிருமி புகுந்து எலும்பு வரை பரவினால், விரலையோ காலையோ அகற்ற நேரிடும். எனவே, "எனக்கு வலியே இல்லை" என்பது எப்போதும் நலத்தின் அடையாளமன்று. வலி செய்யும் வேலையைக் கண் செய்தல் வேண்டும்.

புறப்படுமுன்

சில வாரங்களுக்கு முன்னரே அரசாங்க மருந்தகத்தில் பாதங்களைக் காட்டுக. மெல்லிய நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி உள்ளதா எனச் சோதிப்பர். பாதத்தில் புண் இருப்பின், அது ஆறும்வரை நீண்ட நடையைத் தவிர்த்திடுக.

புதிய சப்பாத்துடன் புறப்படுதல் கூடாது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பார்த்து வாங்கி, நாளுக்கு ஓரிரு மணி நேரம் அணிந்து பழக்குக. நகங்களை நேராக வெட்டுக. காய்ப்புகளைக் கத்தியால் சீவுதல் கூடவே கூடாது.

வெறுங்காலுடன் நடப்பதாக வேண்டிக்கொண்டோர், முதலில் மருத்துவரிடம் சொல்லுதல் நன்று. உணர்ச்சி குன்றியோருக்கு வெறுங்கால் நடை ஆகாது. பூசகருடனும் குடும்பத்தாருடனும் கலந்து பேசி, தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்தல் போன்ற வேறு வழியில் நேர்த்திக்கடனை நிறைவேற்றலாம். காலணியைக் கழற்றவேண்டிய சன்னிதியில் தடித்த பருத்திக் காலுறையேனும் இருக்கட்டும்.

நடக்கும்போது

அவ்வப்போது அமர்ந்து, காலுறையையும் கழற்றிப் பாதம் முழுவதையும் பார்த்திடுக. அடிப்பாதத்தைக் காணச் சிறு கண்ணாடி உதவும். உடன் வருவோரையும் பார்க்கச் சொல்லலாம். மீண்டும் அணியுமுன் காலணிக்குள் கைவிட்டு, கல் உளதா எனத் தடவிப் பார்க்க. ஈரமான காலுறையை மாற்றுக. கொப்புளம் எழுந்தால் உடைக்காமல் தூய துணியால் மூடி, நடையை நிறுத்தி, முதலுதவிக் கூடாரத்தை நாடுக.

இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்போருக்கு நீண்ட நடையில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல் தோன்றினால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரை கலந்த நீரைப் பருகுக. உணவு வேளையைத் தவறவிடாதிருத்தல் வேண்டும்.

வீடு திரும்பியபின்

களைப்புத் தீரச் சுடுநீரில் காலை ஊறவைத்தல் பலரது வழக்கம். உணர்ச்சியற்ற கால் வெந்துபோவதையும் அறியாது. வெதுவெதுப்பான நீரின் சூட்டை முழங்கையால் சோதித்துப் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமின்றித் துடைத்திடுக. சிவப்பு, வீக்கம், சீழ், சிறு புண் எதைக் கண்டாலும், தைலமோ பச்சிலையோ பூசிக் காத்திராமல் அன்றே மருந்தகம் செல்க.

கத்தி சற்றே ஆழமாய்ப் பதிந்தாலும் மரம் காயப்படும் என்றறிந்து, ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் உற்று நோக்குபவர் நாம். அதே கவனத்தை ஒவ்வோர் இரவும் சில நிமிடங்கள் நம் பாதங்களுக்கும் அளிப்போமாக.