நீரைப் பிரிக்கும் படலம்

தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் பெறுதற்கரிய கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்கிறது ஔவையார் பாடிய புறநானூற்றின் 99ஆம் பாடல். அத்தகடூரே இன்றைய தருமபுரி. பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ளன.

சர்க்கரை படிகமானபின் எஞ்சும் கரிய கழிவுப்பாகை நீர் சேர்த்து ஈஸ்ட்டால் நொதிக்கச் செய்தால் எத்தனால் கிடைக்கும். ஆயினும் நொதித்த நீர்மத்தில் பெரும்பகுதி நீரே. பெட்ரோலுடன் கலக்கும் எத்தனாலோ 99 விழுக்காட்டிற்கும் மேல் தூயதாக இருத்தல் வேண்டும். நீர் மிகுந்தால், எரிபொருள் தொட்டிக்குள் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கிவிடும்.

எத்தனாலின் கொதிநிலை ஏறத்தாழ 78.4 பாகை செல்சியசு. நீருக்கு 100 பாகை. எனவே காய்ச்சி வடித்தே பிரித்துவிடலாம் எனத் தோன்றும். ஆனால் எத்தனால் நிறையளவில் சுமார் 95.6 விழுக்காட்டை எட்டியதும், எழும் ஆவியும் எஞ்சும் நீர்மமும் ஒரே விகிதத்தில் அமைந்துவிடுகின்றன. அதன்பின், இயல்பான காற்றழுத்தத்தில் எத்தனை முறை வடித்தாலும் பயனில்லை. இதுவே கொதிநிலை மாறாக் கலவை. இத்தடையைக் கடக்க முற்காலத்தில் பென்சீனைச் சேர்த்து வடித்தனர். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள்.

மற்றொரு வழி, தற்செயலாய்ப் புலப்பட்டது. இறுகக் கட்டித் தொங்கவிட்ட கொல்லோடியன் பையிலிருந்த நீர்மம், பை திறவாமலே ஆவியாகிக் குறைந்ததை அமெரிக்க அறிவியலாளர் பிலிப் கோபர் 1917இல் பதிவுசெய்து, அந்நிகழ்வுக்குப் 'பெர்வேப்பரேஷன்' எனப் பெயரிட்டார். கொல்லோடியனும் தாவரச் செல்லுலோசிலிருந்து செய்யப்படுவதே.

இம்முறையில் படலத்தின் ஒருபுறம் கலவை நீர்மமாக இருக்கும். மறுபுறம் வெற்றிடம் உண்டாக்கப்படும். படலத்தில் கரைந்து ஊடுருவும் மூலக்கூறுகள் மறுபுறம் ஆவியாக வெளியேறும். கொதிநிலைக்கு இங்கு முதன்மையில்லை. படலம் எதனை விரும்பி ஏற்கிறது என்பதே முடிவு செய்கிறது.

இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்துப் பெறும் கைட்டோசான், அத்தகைய உயிரியப் பலபடி. அதன் ஹைட்ராக்சில், அமினோ தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் நீரை ஈர்க்கின்றன. எத்தனாலைவிடச் சிறியதாகிய நீர் மூலக்கூறு எளிதில் நுழைந்தும் செல்கிறது. பழுப்புக் கடற்பாசிகள் தரும் ஆல்ஜினேட்டும் இவ்வியல்பினதே. ஓட்டுக் கழிவு இவ்வாறு பயன்பொருளாவது சிறப்பே.

எனினும், நீரை ஈர்க்கும் அப்பண்பே இடரும் ஆகிறது. நீரை ஏற்ற படலம் உப்புகிறது. சங்கிலிகளுக்கிடையே இடைவெளி விரிய, எத்தனாலும் நழுவிச் செல்கிறது. குளூட்டரால்டிஹைடு போன்ற சேர்மங்களால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து உப்புதலைக் கட்டுப்படுத்துவர். பிணைப்பு மிகுந்தால் நீர் கடக்கும் வேகம் குறைந்து, அதே அளவு எத்தனாலைத் தூய்மையாக்க இன்னும் பரந்த படலம் தேவைப்படும்.